இணையப் பாதை மாற்றங்களைக் கண்டறிதல்: டெல்டா மாவட்ட நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கல்லூரி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும், பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக இணைப்பு வாங்கி ஊருக்குள் ஃபைபர் இழுத்துக் கொடுக்கும் உள்ளூர் ஆபரேட்டர்களுக்காகவும் இந்தப் பக்கம் தொகுக்கப்பட்டுள்ளது. "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று இழுக்கிறது" என்ற புகார் வரும்போது, பேக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) செல்லும் வழி உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்பதைப் பதிவுகளைக் கொண்டு தீர்மானிப்பது எப்படி என்பதே இங்குள்ள கேள்விகளின் பொருள்.

பாதை மாற்றம் என்று எதைச் சொல்கிறோம்?

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் பேக்கெட்டுகள் கடக்கும் ரூட்டர்களின் வரிசை சில காலம் நிலைத்திருந்து, பிறகு வேறொரு வரிசையாகி, அந்தப் புதிய வரிசையும் நிலைத்திருந்தால் அதைப் பாதை மாற்றம் என்கிறோம். ஒரே ஒரு டிரேஸ்ரூட்டில் (கடக்கும் ரூட்டர்களைப் பட்டியலிடும் சோதனையில்) புதிய முகவரி ஒன்று தெரிந்ததை வைத்து மாற்றம் என்று அறிவிக்க முடியாது.

நெட்வொர்க் ஆய்வாளர் வெர்ன் பாக்ஸன் 1990களின் நடுப்பகுதியில் இணையப் பாதைகளைத் தொடர்ச்சியாக அளந்தபோது இரண்டு தன்மைகளைத் தனித்தனியே பிரித்தார். ஒரு பாதை மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு பயன்பாட்டில் இருக்கிறது என்பது ஒன்று. பயன்பாட்டுக்கு வந்த பிறகு மாறாமல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது மற்றொன்று. அவர் பார்த்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதைகள் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடித்தன. மற்றவை அதைவிட அடிக்கடி மாறின. எண்கள் இன்று வேறாக இருக்கலாம், ஆனால் அந்தப் பிரிவினை இன்றும் பயன்படுகிறது. நாளில் 95 விழுக்காடு நேரம் ஒரே பாதையில் இருந்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குதிக்கும் இணைப்பு ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மாறி அப்படியே நின்றுவிடும் இணைப்பு இன்னொன்று. இரண்டுக்கும் தேடவேண்டிய காரணங்கள் வேறு.

எங்கள் டிராஃபிக் எல்லாம் சென்னைக்குத்தான் போகிறது. இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

சென்னைக்குப் போகிறது என்பது சரி. சென்னையோடு முடிகிறதா என்பதே கேள்வி. ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட் ஆகும். தஞ்சாவூரிலிருந்து சென்னை சாலை வழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர் என்பதால், எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் மூன்றரை மில்லிசெகண்டுக்குக் கீழே வருவது கடினம். ஃபைபர் நேர்கோட்டில் செல்லாததாலும் இடையில் கருவிகள் இருப்பதாலும் நடைமுறையில் அதற்கு மேல்தான் காட்டும்.

இப்போது சென்னையிலேயே உள்ள ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனமும் அந்த சர்வரின் நிறுவனமும் சென்னையில் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் பேக்கெட் அங்கேயே கைமாறும். அந்த இணைப்பு அறுந்து, இரு நிறுவனங்களும் மும்பையில் மட்டுமே சந்திக்கும் நிலை ஏற்பட்டால், பேக்கெட் சென்னையைத் தொட்டு, சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பைக்குப் போய், மறுபடியும் சென்னைக்கு வரும். போவதும் வருவதும் மும்பை வழியாக என்றால் தாமதம் குறைந்தது 26 மில்லிசெகண்ட் கூடும். ஒரு திசை மட்டும் அப்படி என்றால் 13 கூடும். கூடிய அளவு இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதே நல்ல துப்பு. உள்நாட்டு டிராஃபிக் இப்படி வீணாக அலையாமல் உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்பதற்காகத்தான் 2003இல் நிக்சி (இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம்) அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதன் இணைப்பு மையம் இருக்கிறது.

டிரேஸ்ரூட் எதைக் காட்டுகிறது?

ஒவ்வொரு ஐபி பேக்கெட்டிலும் டிடிஎல் என்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. பூஜ்யமானதும் பேக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு "காலம் முடிந்தது" என்ற ஐசிஎம்பி (பிழை, நிலை அறிவிப்புக்கான நெறிமுறை) செய்தியை அனுப்புகிறது. வான் ஜேக்கப்சன் 1987இல் எழுதிய டிரேஸ்ரூட், டிடிஎல்லை 1, 2, 3 என ஏற்றிக்கொண்டே போய், யாரிடமிருந்து இந்தச் செய்தி வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. இப்படி வரிசையில் வரும் ஒவ்வொரு ரூட்டரும் ஒரு ஹாப். பதில் வராத இடத்தில் நட்சத்திரக் குறி அச்சாகும். பாதையைக் காட்டுவதற்காக இணையத்தில் தனியாக எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. பிழைச் செய்தி ஒன்றைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதன் குறைகள் பெரும்பாலும் இந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஐந்தாவது ஹாப்பில் வேறு முகவரி வருகிறது. பாதை மாறிக்கொண்டே இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. எங்களுக்கு வரும் "பாதை மாறிவிட்டது" புகார்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

பெரிய நிறுவனங்கள் இரண்டு ரூட்டர்களுக்கு இடையே சமமான பல இணைப்புகளை வைத்துச் சுமையைப் பகிர்கின்றன. எந்தப் பேக்கெட் எந்த இணைப்பில் செல்ல வேண்டும் என்பதை அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, நெறிமுறை, இரு முனைகளின் போர்ட் எண்கள் ஆகியவற்றைக் கலந்து கணக்கிட்டு முடிவு செய்கின்றன. ஒரே உரையாடலைச் சேர்ந்த பேக்கெட்டுகள் ஒரே இணைப்பில் சென்றால் வரிசை குலையாது என்பதே இதன் நோக்கம். பழைய டிரேஸ்ரூட்டோ, ஒவ்வொரு சோதனைப் பேக்கெட்டுக்கும் யுடிபி போர்ட் எண்ணை 33434இலிருந்து ஒன்றொன்றாகக் கூட்டுகிறது. போர்ட் மாறியதும் கணக்கு மாறுகிறது, இணைப்பும் மாறுகிறது. ஐந்தாவது ஹாப்பைத் தேடிய பேக்கெட் ஒரு கிளையிலும், ஆறாவதைத் தேடியது மறு கிளையிலும் போய்விட்டால், ஒன்றோடொன்று இணைக்கப்படவே இல்லாத இரண்டு ரூட்டர்கள் அடுத்தடுத்து இருப்பதுபோல அச்சாகும். அப்படி ஒரு பாதை உலகத்திலேயே கிடையாது.

கல்லணையில் காவிரியிலும் வெண்ணாற்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது, காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்த்துவிட்டு ஆறு வழி மாறிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். முறை வைத்து வெண்ணாற்றுக்கு ஷட்டரை இறக்கிக் காவிரிக்கு மட்டும் விடும்போதுதான் மாற்றம் நடந்திருக்கிறது.

தீர்வு இரண்டு உண்டு. முதலாவது, 2006இல் வெளியான பாரிஸ் டிரேஸ்ரூட் முறை. ரூட்டர்கள் கணக்கில் சேர்க்கும் புலங்களை மாறாமல் வைத்து, அவை பார்க்காத புலங்களை மட்டும் மாற்றிச் சோதனைப் பேக்கெட்டுகளை அடையாளம் காண்பதால், எல்லாப் பேக்கெட்டுகளும் ஒரே கிளையில் செல்கின்றன. ஸ்கேம்ப்பர் கருவியில் இந்த வசதி உள்ளது. இரண்டாவது, பாதையை ஒற்றை வரிசையாகக் கருதாமல் பாதைகளின் தொகுப்பாகக் கருதுவது. ஒரு வாரம் எந்தக் குறையும் இல்லாத காலத்தில் அளந்து, தென்படும் கிளைகள் அனைத்தையும் பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், அதன் பிறகு பட்டியலில் இல்லாத கிளை தொடர்ந்து தோன்றுவது, வழக்கமான கிளை ஒன்று அடியோடு மறைவது ஆகிய இரண்டையும் மாற்றமாகக் கொள்ளலாம். இரண்டு முறைகளையும் சேர்த்துச் செய்வதே எங்கள் பரிந்துரை.

நட்சத்திரக் குறிகள் வந்தால் அந்த ரூட்டர் பழுது என்று பொருளா?

இல்லை. ரூட்டர்கள் ஐசிஎம்பி பதில்களைக் கடைசி வேலையாகத்தான் பார்க்கின்றன. பல நிறுவனங்கள் விநாடிக்கு இத்தனை பதில் என்று வரம்பும் வைத்திருக்கின்றன. நடுவில் உள்ள ஹாப்பில் 40 விழுக்காடு இழப்பு என்று எம்டிஆர் (டிரேஸ்ரூட்டைத் தொடர்ந்து ஓட்டும் கருவி) காட்டினாலும், இலக்கில் இழப்பே இல்லையென்றால் அங்கு எந்தச் சிக்கலும் இல்லை. பதிவுகளை ஒப்பிடும்போது நட்சத்திரத்தை "எந்த முகவரியோடும் பொருந்தும்" என்றே கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுவதும் பொய் எச்சரிக்கை அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு பதிவுகளை எப்படி ஒப்பிடுவது?

மூன்று அடுக்குகளில் ஒப்பிடலாம். அடியில் இருப்பது முகவரி அடுக்கு. ஹாப்புகளின் வரிசையை அப்படியே வைத்து, எத்தனை சேர்க்கை, நீக்கம், மாற்றீடு செய்தால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணுவது. இதில் ஒரு கண்ணி உண்டு: ஒரே ரூட்டருக்குப் பல முகவரிகள் இருக்கும், பேக்கெட் ரூட்டரின் வேறு இணைப்பு முனையில் நுழைந்தால் வேறு முகவரியில் பதில் வரலாம். ஆகவே ஒரே ஒரு ஹாப்பில், அதே சிறு முகவரித் தொகுதிக்குள் நடந்த மாற்றத்தைக் குறித்து வைத்தால் போதும்.

நடுவில் இருப்பது ஊர் அடுக்கு. பல நிறுவனங்கள் ரூட்டரின் பெயரிலேயே ஊரின் சுருக்கத்தைச் சேர்க்கின்றன. சென்னையைக் குறிக்கும் எழுத்துகள் இருந்த இடத்தில் மும்பையைக் குறிப்பவை வந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கவும் வாய்ப்புள்ளதால், தாமதக் கணக்கோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

மேலே இருப்பது நிறுவன அடுக்கு. ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஏஎஸ் எண் என்ற அடையாளம் உண்டு. பிஎஸ்என்எல் 9829, ஏர்டெல் 9498, ஜியோ 55836. ஹாப் முகவரிகளை ஏஎஸ் எண்களாக மாற்றி, அடுத்தடுத்து வரும் ஒரே எண்களை ஒன்றாக்கினால் மூன்று நான்கு எண்களே மிஞ்சும். இந்த வரிசையில் மாற்றம் வந்தால் அதை எப்போதும் பொருட்படுத்த வேண்டும், ஏனெனில் வேறொரு நிறுவனம் இடையில் புகுந்திருக்கிறது அல்லது இருந்தது விலகியிருக்கிறது. தொடக்கத்தில் 10 என்றோ 100.64 என்றோ தொடங்கும் ஹாப்புகள் தனியார் முகவரிகள், பகிர்வு முகவரிகள். அவற்றை எந்த ஏஎஸ் எண்ணோடும் பொருத்த முயலாமல் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு இடைவெளியில் அளக்க வேண்டும்?

இடைவெளியைவிடக் குறைந்த நேரமே நீடித்த மாற்றங்கள் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பவருக்கு இரண்டு நிமிடம் மட்டும் மாறித் திரும்பிய பாதை பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஒரு கல்லூரிக்கோ சிறிய ஆபரேட்டருக்கோ ஐந்து நிமிட இடைவெளியும், தொடர்ந்து மூன்று அளவீடுகளில் அதே புதிய பாதை தெரிந்தால் மட்டும் மாற்றம் என்ற விதியும் போதுமானவை. பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) தடுமாறி நிலைபெறும் சில நிமிடங்களில் தோன்றி மறையும் இடைக்காலப் பாதைகளை இந்த விதி வடிகட்டிவிடும். சரியாக 10.00, 10.05 என்று தொடங்காமல் சில விநாடிகள் முன்பின்னாகத் தொடங்குவது நல்லது. குறித்த நேரத்தில் ஓடும் வேறு வேலைகளோடு அளவீடும் சேர்ந்துகொள்வதை அது தவிர்க்கும்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து இலக்குகளுக்கு நாளொன்றுக்கு 1,440 பதிவுகள். ஒன்று 2 கிலோபைட் என்றால் ஓர் ஆண்டுக்கே ஏறத்தாழ 1 ஜிபிதான். மாறியபோது மட்டும் சேமிக்கலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒப்பிடும் விதியைப் பின்னால் திருத்தும்போது பழைய தரவை மறுபடி அலச முடியாது.

தாமதத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியும், சில வேளைகளில் அது ஒன்றுதான் வழி. கும்பகோணத்தில் உள்ள ஒரு நெட்வொர்க்கின் ஃபைபர், சிதம்பரம், கடலூர் பக்கமாகச் சென்னைக்கு ஏறுகிறது என்றும், மறுபக்கம் தஞ்சாவூர், திருச்சி வழியாக இன்னொரு கை இருந்து இரண்டும் சேர்ந்து ஒரு ரிங் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சாலை விரிவாக்கப் பணியில் ஜேசிபி கடலூர்ப் பக்கத்துக் கேபிளை அறுத்துவிட்டால், ஒளியியல் கருவிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் டிராஃபிக்கைத் திருச்சிப் பக்கம் திருப்பிவிடும். ஐபி அடுக்குக்கு இது தெரியாது. டிரேஸ்ரூட்டில் அதே ஹாப்புகள், அதே வரிசை. ஆனால் தொலைவு நூற்றைம்பது கிலோமீட்டர்போலக் கூடியிருப்பதால் தாமதம் சுமார் ஒன்றரை மில்லிசெகண்ட் ஏறி, கேபிள் ஒட்டப்படும் வரை அங்கேயே நிற்கும்.

அந்த ஒன்றரை மில்லிசெகண்டைப் பிடிக்க இரண்டு ஒழுங்குகள் தேவை. அளக்கும் கருவி வைஃபையில் இருக்கக் கூடாது; கம்பி வழியே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, சராசரியைப் பார்க்கக் கூடாது. மாலை ஏழு மணிக்கு மேல் ஊரே இணையத்தில் இருக்கும்போது வரிசையில் காத்திருப்பதால் சராசரி தானாகவே ஏறும். ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் கிடைத்த மிகக் குறைந்த அளவை மட்டும் எடுத்துக் கோடாக வரைந்து பாருங்கள். நெரிசல் என்றால் அந்தக் கோடு மேடாக ஏறி இறங்கும். பாதை மாற்றம் என்றால் படிக்கட்டுபோல ஒரே நொடியில் ஏறிச் சமதளமாக நிற்கும்.

எம்பிஎல்எஸ் (பேக்கெட்டுக்கு லேபிள் ஒட்டி உள்ளே கடத்தும் முறை) பயன்படுத்தும் நெட்வொர்க்குகளிலும் இதே நிலைதான். உள்ளேயிருக்கும் ரூட்டர்கள் டிடிஎல்லைத் தொடாதபடி அமைத்திருந்தால், ஊர் ஊராகக் கடந்த வழி ஒற்றை ஹாப்பாகச் சுருங்கித் தெரியும். உள்ளே வழி மாறினாலும் பட்டியல் மாறாது.

திரும்பி வரும் பாதையை எப்படிப் பார்ப்பது?

டிரேஸ்ரூட் போகும் வழியை மட்டுமே காட்டும். வரும் வழி வேறாக இருப்பது இணையத்தில் சர்வ சாதாரணம். எளிய உபாயம் ஒன்று உண்டு: பிங் (இலக்கு பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பதிலில் தெரியும் டிடிஎல். மறுமுனையில் உள்ள கணினி வழக்கமாக 64, 128, 255 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குகிறது. இதுவரை 57 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென 54 ஆகி அப்படியே நின்றால், திரும்பும் வழியில் மூன்று ஹாப்புகள் கூடியிருக்கின்றன என்று பொருள். செலவே இல்லாத இந்த எண்ணைப் பதிவில் சேர்க்காமல் விடுபவர்களே அதிகம் என்பதுதான் வியப்பு. எண் மாறவில்லை என்பதால் வழியும் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஹாப்புகளின் எண்ணிக்கை சமமான வேறு வழியாகவும் இருக்கலாம். மேலும் உறுதி வேண்டுமென்றால், மறுமுனை நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸ் பக்கத்திலிருந்து (அவர்கள் ரூட்டரில் சோதனை ஓட்ட விடும் பொது இணையப் பக்கம்) உங்கள் முகவரிக்கு டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்க்கலாம்.

எந்த முகவரியை இலக்காக வைக்கலாம்? எல்லோரும் 8.8.8.8 வைக்கிறார்களே?

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது போதும். பாதையைக் கண்காணிக்க ஏற்றதல்ல. 8.8.8.8, 1.1.1.1 போன்றவை எனிகாஸ்ட் முகவரிகள். உலகின் பல ஊர்களில் ஒரே முகவரி அறிவிக்கப்பட்டிருக்கும். இன்று சென்னையில் உள்ளது பதிலளிக்கும், நாளை மும்பையில் உள்ளது பதிலளிக்கும். மாறியது வழியா, சேருமிடமா என்று பிரிக்க முடியாது. உங்கள் நிறுவனத்தின் சென்னை ரூட்டர் ஒன்று, சென்னையில் நிலையாக உள்ள வேறு நிறுவனத்தின் சர்வர் ஒன்று, மும்பையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று என்று வைத்தால் எந்தத் துண்டில் மாற்றம் என்பது ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

பொதுவில் கிடைக்கும் பிஜிபி பதிவுகள் உதவுமா?

நிறுவனங்களுக்கு இடையிலான மாற்றங்களுக்கு மிகவும் உதவும். ஆரகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ஐரோப்பாவின் ரைப் அமைப்பு நடத்தும் ரிஸ் ஆகிய இரண்டும் உலகெங்கும் உள்ள நெட்வொர்க்குகளிடமிருந்து பிஜிபி அறிவிப்புகளைச் சேகரித்து இலவசமாக வெளியிடுகின்றன. உங்கள் முகவரித் தொகுதியைக் கொடுத்தால், எந்த நாள் எந்த நேரத்தில் எந்த ஏஎஸ் வழியாக அது சென்றடையத்தக்கதாக இருந்தது என்பதை பிஜிபிளே படமாக ஓட்டிக் காட்டும். இவை காட்டுவது உங்களை நோக்கி வரும் வழியை. உங்களிடமிருந்து போகும் வழியை அல்ல. ஒரே நிறுவனத்துக்குள் நடந்த மாற்றமும் இவற்றில் தெரியாது.

நேரக் குறிப்பில் கவனம் தேவை. இந்தப் பதிவுகள் யுடிசி நேரத்தில் இருக்கும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. நம் நள்ளிரவு 12 மணி அங்கே முந்தைய நாள் 18.30. உங்கள் கருவியின் கடிகாரத்தை என்டிபி கொண்டு சரிசெய்து, பதிவையும் யுடிசியிலேயே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

பாதை கடத்தப்பட்டதா என்று இதன் மூலம் தெரியுமா?

ஓரளவு தெரியும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரித் தொகுதிக்குள் அடங்கும் சிறிய தொகுதி ஒன்றைத் தன்னுடையதாக அறிவித்ததால், குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை என்ற பிஜிபி விதிப்படி உலகெங்கிலுமிருந்து யூடியூபுக்குச் செல்ல வேண்டிய டிராஃபிக்கில் பெரும்பகுதி இரண்டு மணி நேரம்போல அங்கே திரும்பியது. ஏஎஸ் வரிசையின் கடைசி எண், அதாவது உரிமையாளரின் எண், மாறியிருந்தால் உடனே கவனியுங்கள். சொந்த முகவரித் தொகுதி உள்ளவர்கள் அதை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று சான்றளிக்கும் ஆர்ஓஏ பதிவைச் செய்துவிடுவது கண்காணிப்பைவிட முந்தைய வேலை.

மின்தடை, புயல் நேரங்களில் பதிவு விட்டுப்போனால்?

விட்டுப்போனதை விடுபட்டதாகவே எழுத வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அளக்கும் கருவி அணைந்திருந்ததா, இணைப்பு அறுந்திருந்ததா, இலக்கு மட்டும் எட்டவில்லையா என்ற மூன்றையும் பதிவு பிரித்துக் காட்ட வேண்டும். கருவி தன் ரூட்டருக்கே பிங் அனுப்பி, அதையும் உள்ளூரிலேயே எழுதிவந்தால் இது சாத்தியம். கருவியை ரூட்டர் உள்ள அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் அளக்க வேண்டுமா?

ஆம், தனித்தனியாக. இரண்டும் வேறு வேறு வழிகளில் செல்லலாம். ஒன்று மாறும்போது மற்றொன்று மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாற்றம் உறுதியான பிறகு இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு என்ன அனுப்ப வேண்டும்?

"ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் டிக்கெட் மூடப்பட்டுத் திரும்பி வரும். மாற்றத்துக்கு முன் எடுத்த டிரேஸ்ரூட் ஒன்று, பின் எடுத்தது ஒன்று, இரண்டிலும் முதலில் வேறுபடும் ஹாப் எது, மாற்றம் தெரிந்த முதல் அளவீட்டின் நேரம், அதற்கு முந்தைய அளவீட்டின் நேரம், குறைந்தபட்சத் தாமதம் எவ்வளவிலிருந்து எவ்வளவானது, பிங் டிடிஎல் மாறியதா, உங்கள் பொது ஐபி முகவரி, இலக்கின் முகவரி ஆகியவற்றை ஒரே மடலில் அனுப்புங்கள். அவர்களுடைய பொறியாளர் இரண்டு நேரங்களுக்கும் இடைப்பட்ட ஐந்து நிமிடத்துக்கான தங்கள் பதிவை மட்டும் திறந்து பார்த்தால் போதும். பாதை சில மணி நேரத்தில் பழையபடி திரும்பிவிட்டாலும் அந்த நேரத்தையும் குறித்து அதே டிக்கெட்டில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அதே ஹாப்பில் மாறும்போது எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.